அளவு போட்டோக்கள்

அத்தியாயம் 17

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். மேற்கு மாம்பலத்தில் அந்த ஆண்டியின் பெயர் ரகுபதி. வயது அறுபத்திரண்டு. மாநகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஊதிய சங்கு, மனைவி ஜானகியின் தையல் கடைக் கம்ப்யூட்டர்.

சனிக்கிழமை சாயங்காலம் அது 'புதுப்பிக்கலாமா' என்று கேட்டதையும் இவர் 'சரி' என்று அழுத்தியதையும் போன வாரமே பார்த்தோம். ஞாயிறு முழுக்க அது சுற்றிக்கொண்டே இருந்தது. திங்கள் காலையில் பழைய போட்டோ ஆப் இருந்த இடத்தில் வேறொன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது. உங்கள் படங்களை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது.

பார்த்துக்கொண்ட லட்சணம் ஒன்பது மணிக்கு ஜானகி கடைக்குள் நுழைந்தபோது தெரிந்தது. கடை என்றால் வீட்டின் முன்னறைதான்.

"இன்னாங்க இது, ஒண்ணையும் காணோம்?"

"எது காணோம்?" என்றார் ரகுபதி, பேப்பரை மடிக்காமல்.

"அளவு போட்டோ. எண்ணூறு பேரோடது. ஒரே ஒரு போட்டோ தான் கீது."

அளவு போட்டோ என்றால் என்னவென்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெள்ளத்தில் ஜானகியின் அளவு நோட்டு ஊறிக் கூழானதிலிருந்து அவள் நோட்டு வைத்துக்கொள்வதில்லை. வாடிக்கையாளரைக் கடையின் பச்சைத் திரை முன்னால் நிறுத்தி, அளவெடுத்து, ஒரு சீட்டில் எழுதி, சீட்டை அவர்கள் கையிலேயே பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒரு போட்டோ எடுப்பாள். போட்டோ கம்ப்யூட்டருக்குப் போய்விடும். சீட்டு குப்பைக்குப் போய்விடும். தண்ணீர் வந்தாலும் நெருப்பு வந்தாலும் அளவு போகாது என்று பெருமையாகச் சொல்லுவாள். ரகுபதி வருவார் என்பதை அவள் யோசிக்கவில்லை.

"அது கேட்டுச்சு ஜானகி," என்றார் அவர். "ஒரே மாதிரி படங்கள் எண்ணூத்தி இருபத்தாறு இருக்கு, ஒண்ணை வெச்சுக்கினு மத்ததை எடுத்துடலாமான்னு. பாத்தா எல்லாம் ஒரே பச்சைத் திரை. ஒரே மாதிரி நின்னுக்கினு ஒரே மாதிரி சீட்டு. சரின்னேன்."

தமிழிலேயே கேட்டிருக்கிறது. அதுதான் வினை. இங்கிலீஷில் கேட்டிருந்தால் மகன் அறிவைக் கூப்பிட்டிருப்பார்.

"எடுத்து எங்க போட்டுச்சு?"

"குப்பைத் தொட்டியில."

"அப்ப தொட்டியில கீதுல்ல. திருப்பி எடுங்க."

ரகுபதி இப்போது பேப்பரை மடித்தார். முப்பத்து நாலு வருடம் ஒரு வார்டில் குப்பைத் தொட்டி நிரம்பி வழிய விடாதவர் அவர். நிரம்பிய தொட்டியைப் பார்த்துவிட்டு அவரால் காபி குடிக்க முடியாது.

"அதைக் காலையிலயே காலி பண்ணிட்டேனே," என்றார்.

ஜானகி நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. கத்தினால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

எண்ணூற்று இருபத்தாறில் புதிய ஆப் தன் இஷ்டப்படி காப்பாற்றி வைத்திருந்தது அசோக் நகர் டீச்சர் ஒருவருடைய அளவை. அந்த அம்மா ரிடையராகி, பிள்ளையோடு புனேக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது.

வேண்டியதோ நிலாவின் அளவு. ஆர்.ஏ.புரம் என்கிற ராஜா அண்ணாமலைபுரத்துத் தேவசேனாவின் இரண்டாவது மகள். கனடாவில் வேலை. தை மாதம் வந்திருந்தபோது ஜானகி அளவெடுத்தாள். நிலாவுக்கு இடது தோள் அரை இஞ்ச் இறக்கம், அதற்குத் தனியாகக் கணக்குப் போட்டுச் சீட்டில் எழுதியிருந்தாள். புதன்கிழமை நிலா விமானத்தில் வந்து இறங்குகிறாள். வெள்ளிக்கிழமை ரிசப்ஷன், சனிக்கிழமை முகூர்த்தம். ஏழு ஜாக்கெட். ஏழு துணியும் மஞ்சள் பையில் வெட்டப்படாமல் காத்திருக்கின்றன. இன்று வெட்டினால்தான் உண்டு.

இன்னொரு தரம் அளவு அனுப்பச் சொல்லலாம். சொன்னால் தொலைத்துவிட்டோம் என்று தெரியும். தேவசேனா வீட்டு வேலை போனால் அந்தத் தெருவே போகும். ஜானகி மஞ்சள் பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அந்தம்மாவுக்குத் தெரியக் கூடாதுங்க," என்றாள். "அது மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க."

ரகுபதி ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னா?"

"எட்டரைக்கு போன் பண்ணாங்க. துணி வெட்டியாச்சான்னு கேட்டாங்க. நீ குளிச்சிக்கினு இருந்த."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"கம்ப்யூட்டரைப் புதுப்பிச்சதுல அளவு போட்டோ ஒண்ணு தான் மிச்சம், மத்ததை எடுத்தாச்சும்மான்னேன். உள்ளதைத்தானே சொல்லணும்."

உண்மை பேசுகிற புருஷன் வேண்டும் என்று பெண்கள் வேண்டிக்கொள்வார்கள். கிடைத்தவளைக் கேட்டால் அல்லவா தெரியும்.

அறிவுக்கு கிண்டியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. அம்மாவின் போனை எடுத்ததும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டான்.

"உன் போன்ல பாத்தியாம்மா?"

"அதுலயும் இல்லடா."

"இருக்காது. எல்லாம் ஒரே ஐடி. ஒண்ணுல அழிச்சா எல்லாத்துலயும் அழிஞ்சிடும்."

இந்த ஒரே ஐடிக்கும் ஒரு கதை உண்டு. ஆறு வருடம் முன்னால் ஜானகியும் தங்கை பொற்கொடியும் சேர்ந்து இதே முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தபோது, ரேஷன் கார்டு மாதிரி குடும்பத்துக்கு ஒன்று போதும் என்று அறிவுதான் போட்டுக் கொடுத்தான். ஜானகி போன், கடைக் கம்ப்யூட்டர், பொற்கொடியின் டேப்லெட் எல்லாவற்றுக்கும் அதுவே. பிறகு சண்டை வந்தது. கடையைப் பிரித்தார்கள், மெஷினைப் பிரித்தார்கள், வாடிக்கையாளர்களைப் பிரித்தார்கள். ஐடியைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

"இரும்மா," என்றான் அறிவு. "சித்தி டேப் ஒம்போது நாளா நெட்டுக்கே வரலன்னு இங்க காட்டுது. அதுக்கு இன்னும் விஷயம் தெரியாது. அதுல அப்படியே இருக்கும்."

"அவ டேப்ல என் போட்டோ எப்படி இருக்கும்?"

"அதான் சொன்னேனே, ஒரே ஐடி. நீ எடுக்கறது எல்லாம் அங்கயும் போய்க்கினு தான் இருந்திருக்கும். சித்தி அதுல போட்டோ எடுக்கறதில்ல, அதான் உனக்குத் தெரியல."



"அப்ப இத்தினி நாளா என் டிசைன் எல்லாத்தையும் உக்காந்த எடத்துலயே பாத்துக்கினு இருந்திருக்கா," என்றாள். "எப்படித் திருடினான்னு இப்பத்தானே தெரியுது."

"அம்மா, அதை அப்புறம் பேசிக்கலாம். சித்தி அதை நெட்ல போட்டுட்டா அதுவும் போச்சு. போன்ல சொல்லிப் புரிய வைக்க முடியாது. நேர்ல போ."

"நான் அவ வாசப்படி மிதிக்கணுமா?"

"ஏழு ஜாக்கெட் தைக்கணும்னா மிதிக்கணும்."

பதினாலு மாதம் முன்னால், தேவசேனாவின் மூத்த மகள் வளைகாப்பில், ஒரு பெண்ணின் ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு ஜானகி பேசியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பனித்துளி மாதிரி நூல் தொங்கும் பின்கழுத்து. தைத்தவள் பொற்கொடி. அது என் டிசைன், கூட இருந்தே திருடிவிட்டாள் என்று ஜானகி நடுக்கூடத்தில் நின்று சொன்னாள். பொற்கொடி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். அந்த மாதமே நங்கநல்லூரில் தனியாகக் கடை போட்டாள். அன்றிலிருந்து பேச்சில்லை.

மாம்பலத்தில் ரயில் ஏறிப் பழவந்தாங்கலில் இறங்குகிற வரைக்கும் ஜானகி மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனாள். தங்கைமேல் கோபம். புருஷன்மேல் கோபம். புதிய ஆப்மேல் கோபம், அதைத் திட்டினால் காதில் வாங்க அதற்குக் காதும் இல்லை. எதிர் சீட்டுப் பெண்மணி ஏதோ கேட்க வந்து, இவள் முகத்தைப் பார்த்து, கேட்காமலே விட்டுவிட்டாள்.

ஆஞ்சநேயர் கோயிலைத் தாண்டி இரண்டாவது தெருவில் மாடி வீடு. கதவைத் திறந்த பொற்கொடி அக்காவைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"உள்ள வா," என்றாள். "மோர் குடிக்கிறியா?"

"எதுவும் வேணாம். உன் டேப் எங்க?"

"சார்ஜர் பிஞ்சிப் போச்சு. பீரோவுல கெடக்குது. எதுக்கு?"

ஜானகி சொன்னாள். கம்ப்யூட்டர், பச்சைத் திரை, எண்ணூற்று இருபத்தாறு, குப்பைத் தொட்டி. பொற்கொடிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததை ஜானகி பார்த்தாள்.

"மாமாவா தொட்டியைக் காலி பண்ணாரு?"

"வேற யாரு பண்ணுவாங்க?"

பொற்கொடி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். ஜானகிக்கு எரிச்சல்தான் வந்தது, ஆனாலும் வாயோரம் லேசாகக் கோணியது. உடனே சரி செய்துகொண்டாள்.

பக்கத்து வீட்டு ஜைதூன் பீயிடம் சார்ஜர் வாங்கி வந்தார்கள். அறிவு போனில் கட்டளை போட்டான். முதலில் வீட்டு வைஃபை பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கணும். டேப் உயிர் பெற்றதும் மேலே விமானப் படத்தைத் தொடணும். அதுவரை எதையும் தொடக் கூடாது, எது கேட்டாலும் சரி என்று சொல்லக் கூடாது. கடைசியாகச் சொன்னதை இரண்டு தரம் சொன்னான். அப்பாவுக்குப் பிறந்தவன், தெரியாதா அவனுக்கு.

டேப் உயிர் பெறப் பதினைந்து நிமிடம் ஆனது. அந்தப் பதினைந்து நிமிடமும் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச எதுவும் இல்லாததால் அல்ல.

பழைய ஆப் திறந்தது. பச்சைத் திரைகள் வரிசையாக வந்தன. தை மாதத்துக்குத் தள்ளிப் போனதும் நிலா கிடைத்தாள், சீட்டை மார்போடு பிடித்துச் சிரித்துக்கொண்டு.

ஜானகி ஒரு தாளை எடுத்துக்கொண்டாள். பொற்கொடி படத்தைப் பெரிதாக்கி, கேட்காமலே வாசிக்க ஆரம்பித்தாள்.

"உயரம் பதினாலரை. மார்பு முப்பத்தஞ்சரை. கைக்குழி பதினாறரை."

"ம்."

"கை நீளம் பத்து. வலது தோள் ஏழு. இடது தோள்ல அரை இஞ்ச் எறக்கம்."

"ம்."

பதினெட்டு வருடம் இப்படித்தான் வேலை செய்தார்கள். ஒருத்தி சொல்லுவாள், இன்னொருத்தி எழுதுவாள். தாளை நிரப்பிவிட்டு ஜானகி நிமிர்ந்தாள். நன்றி சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக ரயிலில் சேர்த்து வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"என்னோடது எல்லாம் இதுல வந்துக்கினு இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும். இல்ல?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லல."

"பேசினாத்தானே சொல்ல." பொற்கொடி டேப்பை அக்கா மடியில் வைத்தாள். "பாரு. பதினாலு மாசம். பொங்கலுக்கு நீ போட்ட மாங்காய் கழுத்து, தணிகாசலம் பொண்ணுக்குப் போட்ட வலைக் கை, எல்லாம் கீது. அந்தப் பக்கம் என் கடை ஜாக்கெட் பன்னெண்டு தொங்குது. அதையும் பாரு. உன்னோடது ஒண்ணு இருந்தா எடுத்து என் மூஞ்சில எறி."

ஜானகி பார்த்தாள். கம்பியில் தொங்கிய பன்னிரண்டிலும் அவள் கை இல்லை. எல்லாம் பொற்கொடி கை.

"திருடறதா இருந்தா பதினாலு மாசமா கதவு தொறந்துதான் கெடந்துச்சுக்கா," என்றாள் பொற்கொடி.

"அப்ப அந்தப் பனித்துளி?"

பொற்கொடி டேப்பில் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஆடி மாதத்தில் நின்றாள். வெட்டு மேஜைமேல் பழுப்புத் தாள். தாளில் சாக்கட்டியால் வரைந்த பின்கழுத்து, ஓரத்தில் வரிசையாகத் துளிகள். வரைந்துகொண்டிருந்த கை பொற்கொடியுடையது. மணிக்கட்டில் பழைய தையல் ஊசித் தழும்பு தெரிந்தது.

அந்தப் போட்டோவை எடுத்தவள் ஜானகி. எடுத்தது இப்போது ஞாபகம் வந்தது. நல்லா இருக்குடி, நான் தச்சுப் பாக்கட்டா என்று கேட்டதும் ஞாபகம் வந்தது. தைத்துத் தைத்துப் பெயர் வாங்கி, கடைசியில் அது தன்னுடையது என்றே நம்பிவிட்டாள்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"தப்புதான் பொற்கொடி," என்றாள். "நான் சொன்னது தப்பு."

"இதை இங்க சொன்னா ஆச்சா? இங்க யாரு கீறாங்க, நானும் மெஷினும். தேவசேனா அம்மா வீட்டுக் கூடத்துல சொன்ன. அந்தப் பேச்சால ஆர்.ஏ.புரத்துல ஒரு வீட்டுக்குள்ளயும் நான் போனதில்ல. அங்கயே வந்து சொல்லு."

"கல்யாணம் முடியட்டும். இப்ப போய் அந்தம்மாகிட்ட..."

"காலையில அந்தம்மா எனக்கு போன் பண்ணாங்க," என்றாள் பொற்கொடி. "உங்க அக்கா அளவைத் தொலைச்சிட்டாங்களாம், அளவுக்குப் பழைய ஜாக்கெட்டோட துணியை அனுப்பறேன், நீ தச்சிக் குடுன்னாங்க. அக்கா கையில குடுத்த துணியை நான் தொட மாட்டேன்னு சொல்லிட்டேன். நீ திருடின்னு சொன்னவ பேச்சு இது."

ஜானகி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் போன் அடித்தது. ரகுபதி.

"அளவு கெடைச்சிடுச்சுங்க," என்றாள் ஜானகி. "இதோ வந்துடறேன். மேஜையைத் தொடைச்சி வையுங்க, வந்ததும் வெட்டணும்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. இந்தச் சத்தமின்மை ஜானகிக்குப் பழக்கமானது.

"இப்ப இன்னா பண்ணீங்க?"

"தேவசேனா அம்மா டிரைவர் வந்தாரு. மஞ்சப் பையைக் கேட்டாரு. அவங்க துணிதானே, கேட்டா குடுக்கணும்ல. குடுத்து அனுப்பிட்டேன்."

"எங்க கொண்டு போறாங்களாம்?"

"தி.நகர்ல யாரோ டெய்லராம். ரெடியா உக்காந்துக்கினு கீறாராம்."

ஜானகி போனை வைத்தாள். சீட்டைப் பார்த்தாள். அளவு இருக்கிறது, தைக்க இரண்டு கை போதாதென்றால் நாலு கை இருக்கிறது, துணி இல்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் நேரம் இல்லை.

பொற்கொடி ஏற்கெனவே வண்டிச் சாவியை எடுத்திருந்தாள்.

"கெளம்பு. அவங்க வீட்டுக்குத்தான் மொதல்ல போகும் பை, அளவுக்குப் பழைய ஜாக்கெட் அங்கதானே கீது. ஏறு."

கிண்டி வரைக்கும் ஓட்டமாக வந்தார்கள். அடையாறில் சிக்னல் சிக்னலாக நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பாலத்தில் ஏறும்போது பொற்கொடி திரும்பாமல் கேட்டாள்.

"போனதும் எதை மொதல்ல பேசுவ?"

ஜானகிக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. துணியைத்தான் முதலில் பேச வேண்டும், அதுதான் புத்திசாலித்தனம். பை வீட்டை விட்டுப் போய்விட்டால் வெள்ளிக்கிழமை இல்லை, ஆர்.ஏ.புரம் இல்லை, நாளைக்குக் கடை திறந்தால் பேர் இல்லை. மற்றதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அப்புறம் என்று ஒன்று இருந்தால்.

"வண்டியை ஒழுங்கா ஓட்டு," என்றாள்.

கேட்டுக்குள் கார் நின்றிருந்தது. கதவைத் திறந்த தேவசேனா இருவரையும் சேர்த்துப் பார்த்து ஒரு அடி பின்னால் போனார். கூடத்தில் கல்யாண வீட்டு ஜனம். சோபாவில் கழுத்தில் இஞ்ச் டேப் மாட்டிய ஒருவர் காபியை முடித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் மஞ்சள் பை.

"வாங்க ஜானகி," என்றார் தேவசேனா, முகம் கொடுக்காமல். "நீங்க இதுக்காக வந்திருக்க வேண்டாம். பொன்ராஜ் இப்போ எடுத்துட்டுக் கிளம்பறார்."

பொன்ராஜ் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். பையின் காதைப் பிடித்தார்.

அளவுச் சீட்டு ஜானகியின் கையில் இருந்தது. நீட்டினால் போதும். இதோ அளவு, இடது தோள் அரை இஞ்ச் இறக்கம், இது வேறு யாருக்கும் தெரியாது என்று சொன்னால் பை அங்கேயே நின்றுவிடும். பின்னால் வாசலில் பொற்கொடி செருப்பைக் கழற்றாமல் நின்றாள். இந்தக் கூடத்துக்குள் அவள் கால் வைத்துப் பதினாலு மாதம் ஆகிறது.

"அம்மா," என்றாள் ஜானகி. "போன வருஷம் வளைகாப்புல இதே எடத்துல நின்னு என் தங்கச்சியைத் திருடின்னு சொன்னேன். எல்லாரும் கேட்டீங்க. அந்த டிசைன் அவளோடது. என்னோடது இல்ல. அவளோடதை இத்தினி வருஷமா என்னோடதுன்னு தச்சுக்கினு இருந்தது நான்."

கூடத்தில் பேச்சு நின்றது. பொன்ராஜுக்கு எதுவும் புரியவில்லை, அவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

ஜானகி பையைப் பார்க்கவில்லை. பொற்கொடி செருப்பைக் கழற்றுகிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.